கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட முகம்

ஆறு வருஷங்களுக்கு முன்னால், ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மயிலாப்பூரில் நடந்தது இது. கச்சேரி ரோட்டிலிருந்து சித்திரைக்குளத்துக்கு நடந்தால் பத்து நிமிஷம் ஆகும். அன்றைக்கு அந்தத் தூரத்தை நான் கடந்ததை நினைத்தால் இப்போதும் உள்ளங்கை வேர்த்துவிடுகிறது.

நான் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை செய்கிறவன். படிப்பு நாலாவது வகுப்போடு சரி. போட்டோவைப் பெரிதாக்கி, அதன்மேல் கன்னத்துக்குச் சிவப்பு, புடவைக்குப் பச்சை என்று லேசாக வர்ணம் ஏற்றித் தருவது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சித்திரைக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறைக்குப் போவேன். அங்கே நாங்கள் ஐந்தாறு பேர் கூடுவோம். எல்லோருக்கும் பாஸ்டல் பைத்தியம்.

பாஸ்டல் என்பது வர்ணப்பொடியைக் கொஞ்சம் பிசின் விட்டுப் பிசைந்து உருட்டிய கட்டி. காகிதத்தில் தேய்த்தால் பட்டுப்போல நிற்கும். நிற்கிறது என்று பேர்தான். உண்மையில் அது காகிதத்தின்மேல் உட்கார்ந்திருக்கும் தூசி. விரல் பட்டால் போய்விடும். சீமைக் கட்டிகள் யானை விலை என்பதால் நாலு பேர் சேர்ந்து ஒரு பெட்டி வாங்குவோம். உடைந்த துண்டுகளையும் எறிய மாட்டோம். நான் அவற்றை வீட்டுக்கு எடுத்துப்போய் அரைத்து, கஞ்சித் தண்ணீர் விட்டுப் பிசைந்து, புதுக் கட்டியாக உருட்டிக் கொண்டுவருவேன். அதைப் பலகைமேல் வைத்துவிட்டு மூலையில் உட்கார்ந்து வரைவேன். கிளம்பும்போது ஒரு கும்பிடு. இரண்டு வருஷத்தில் நான் அந்த அறையில் பேசிய வார்த்தைகளை எண்ணிவிடலாம். மற்றவர்கள் எல்லாம் படித்தவர்கள். பேசினால் என் அறியாமை வெளியே தெரிந்துவிடும் என்று எனக்கு ஒரு பயம்.

எங்களில் கை தேர்ந்தவர் ஒரு டிராயிங் வாத்தியார். அப்போதுதான் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த தியாகராய நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. அந்த வருஷம் சித்திரையில் எங்களை எல்லாம் அடையாற்றங்கரைக்கு வரைய அழைத்துப்போனார். அங்கே மோர் விற்க வந்த ஒரு பெண்ணை மரத்தடியில் உட்காரவைத்து ஒரு மணி நேரத்தில் அவர் வரைந்தார். படத்தைப் பார்த்து அவள், “ஐயே, எம் மூஞ்சில இம்மாம் நீலம் எங்க கீது சாமி?” என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்போது அவள் பிள்ளைத்தாய்ச்சி. படத்தைத் தருகிறேன் என்று வாத்தியார் சொன்னதற்கு, வீட்டில் மாட்ட சுவர் இல்லை, தட்டிதான் இருக்கிறது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

ஐப்பசியில் அவள் புருஷன் எங்களைத் தேடிக்கொண்டு வந்தான். எருமை வைத்துப் பால் கறந்து விற்கிறவன். பிரசவத்தில் அவள் போய்விட்டாள் என்றும், பெண் குழந்தை பிழைத்துக்கொண்டது என்றும் படிக்கட்டில் நின்றபடியே சொன்னான். அவளைப் போட்டோ எடுத்ததே இல்லையாம்.

“அந்தப் படம் ஒன்னுதான் சாமி கீது. நாளைக்கு எம் பொண்ணு, அம்மா எப்டி இருந்தான்னு கேட்டா, நான் இன்னாத்த காட்டுவேன்?”

வாத்தியார் அப்போதே வீட்டுக்குப் போய், கட்டிலுக்கு அடியில் கட்டிவைத்திருந்த காகிதங்களில் அந்தப் படத்தைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். அடுத்த ஞாயிறு பிற்பகல் கருமாதி. அதற்குள் கண்ணாடி போட்டுக் கொடுத்துவிடுவது என்று தீர்மானமாயிற்று. வாத்தியார் என்னைப் பார்த்தார்.

“நீர்தான் ஸ்டூடியோவில இருக்கறவர். ஃப்ரேம் போடற வேலையெல்லாம் உமக்குத் தெரியும். பொறுப்பை எடுத்துண்டுடும்.”

நான் தலையை ஆட்டினேன். போட்டோவுக்கு ஃப்ரேம் போடுவது எனக்குத் தெரியும். பாஸ்டலுக்கு நான் போட்டதே இல்லை. என் படங்களை எல்லாம் பழைய காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் வைத்திருந்தேன். இதைச் சொல்ல எத்தனை நேரம் ஆகிவிடும்? ஆனாலும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை கச்சேரி ரோட்டில் எங்கள் ஸ்டூடியோவுக்கு ஃப்ரேம் செய்து தரும் பாயிடம் படத்தைக் கொண்டுபோனேன். விஷயத்தைக் கேட்டதும் தன் பங்குக்கு நல்ல சட்டமாக, ஓரத்தில் பொன் பூச்சு வைத்ததை எடுத்து வைத்தார். கூலி கிடையாது என்றும் சொல்லிவிட்டார். அளவெடுக்கும்போது ஒன்று கேட்டார்.

“நைனா, இது சாக் படமாச்சே. முன்ன ஒரு தொரை இந்த மாதிரி ஒன்னு குடுத்தப்போ, கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவுல சுத்தியும் அட்டை வெக்கச் சொன்னாரு. இதுக்கு வெக்கணுமா?”

எனக்குத் தெரியவில்லை. பத்து நிமிஷம் நடந்துபோய் எங்கள் ஆட்களில் யாரையாவது கேட்டிருக்கலாம். ஆனால் ‘இதுகூடத் தெரியாதா’ என்று அவர்கள் பார்க்கும் பார்வை கண்முன்னே வந்தது. போட்டோவை நாங்கள் இறுக்கமாகத்தான் போடுவோம். இறுக்கமாக இருந்தால் அசையாது, அசையாவிட்டால் உதிராது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

“வேணாம் பாய். நல்லா இறுக்கி அடிச்சிடுங்க” என்றேன்.

அவர் பின்பலகை வைத்துப் பன்னிரண்டு ஆணி அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் படம் அதிர்ந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குப் போனபோது பாய் கடை வாசலிலேயே நின்றிருந்தார். முகம் சரியாக இல்லை.

“இன்னா நைனா இது, கீழ மாவு கொட்டினா மாதிரி கீது?”

இரண்டு நாள் ஈரத்தில் காகிதம் லேசாக உப்பியிருந்தது. கண்ணாடியின் அடியோரத்தில் சிவப்பும் பழுப்பும் நீலமும் கலந்த பொடி ஒரு கோடாகத் தேங்கிக் கிடந்தது. முகம் மட்டும் அப்படியேதான் இருந்தது. பொடியைத் தட்டிவிட்டு மறுபடி மூடிவிடலாம் என்று நினைத்தேன். ஆணிகளைப் பிடுங்கச் சொன்னேன். அவர் சட்டத்தைக் கழற்றினார். நான் இரண்டு விரலால் கண்ணாடியைத் தூக்கினேன்.

முகம் கண்ணாடியோடு வந்துவிட்டது.

முழுவதும் அல்ல. இடது கன்னம், ஒரு கண், மூக்குத்தியின் வெளிச்சம், கீழுதடு. இவை கண்ணாடியின் உட்பக்கத்தில் பொடியாக ஒட்டிக்கொண்டு வந்தன. காகிதத்தில் அந்த இடங்கள் சோகை பிடித்த மாதிரி வெளுத்துக் கிடந்தன. கண்ணாடியை மல்லாத்திப் பிடித்தபோது அவள் பாதி முகம் இடவலம் மாறி என்னைப் பார்த்தது.

பாய் குனிந்து காகிதத்தையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாக, “நீதான் போட்டோக்குக் கலர் குடுக்குறவனாச்சே. போன எடத்துல நீயே போட்டுடு. யாருக்குத் தெரியப் போவுது?” என்றார்.

நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பையிலிருந்து பாஸ்டல் பெட்டியை எடுத்துத் திறந்தேன். தோல் நிறத்துக்கு ஒரு கட்டியையும் கையில் எடுத்துவிட்டேன். எப்படி ஆரம்பிப்பது என்று என் கைக்குத் தெரியும்; தினமும் செய்கிற வேலை. எந்தப் பெண்ணின் போட்டோ வந்தாலும் கன்னத்தை வழவழவென்று ஆக்குவேன், கண்ணைக் கொஞ்சம் பெரிதாக்குவேன், நிறத்தை ஒரு படி தூக்குவேன். கொடுத்தவர்கள் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போவார்கள். இதையும் அப்படிச் செய்தால் அழகான ஒரு பெண் வருவாள். அந்தக் குழந்தை வளர்ந்து, யாரோ ஒருத்தியை அம்மா என்று கும்பிட்டுக்கொண்டிருக்கும். கட்டியைத் திரும்பப் பெட்டியில் வைத்தேன்.

“வாத்தியாருகிட்ட கொண்டுபோவணும் பாய்.”

“இத்த எப்டிப்பா தூக்கினு போவ?”

அதுதான் பெரிய கேள்வி. ஜட்கா வண்டியில் வைத்தால் குலுக்கலில் மிச்சமும் உதிர்ந்துவிடும். சாய்த்தால் போச்சு. ஒரு தூறல் விழுந்தால் விழுந்த இடத்தில் ஓட்டை. பாய் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, தன் மேஜையிலிருந்து பெரிய இழுப்பறையை உருவி, அதிலிருந்த ஆணிகளையும் திருகாணிகளையும் தரையில் கொட்டினார். இழுப்பறையின் அடியில் படத்தைப் பலகையோடு வைத்தோம். நாலு மூலையிலும் மரத்துண்டு நிறுத்தி, அதன்மேல் கண்ணாடியைப் பொடி மேலே இருக்கும்படி படுக்கவைத்தோம். மேலே ஒரு அட்டையால் மூடினோம். அவர் முன்பக்கம், நான் பின்பக்கம். நான் இரண்டு கையாலும் இழுப்பறையைத் தாங்கினேன், பாய் ஒரு கையால்; அவருடைய இன்னொரு கையில் குடை.

கல்யாணச் சீர்கூட அப்படி யாரும் தூக்கிக்கொண்டு போயிருக்கமாட்டார்கள். பாய் பின்னோக்கி நடந்தார். குழி வந்தால் நான் சொல்ல வேண்டும். நான்தான் வாயைத் திறக்காதவன் ஆயிற்றே. இரண்டு தடவை பாய்க்குக் கால் தடுக்கிவிட்டது.

“கண்ணு உனக்கு, காலு எனக்கு. சொன்னாத்தானேப்பா தெரியும்! ஊமைக்கோட்டானா நீ?”

அதற்குப் பிறகு, “குழி... எடப்பக்கம் வாங்க... தண்ணி கீது, தாண்டுங்க” என்று சொல்லிக்கொண்டே வந்தேன். எதிரே வந்த ஜட்காக்காரன் எங்களுக்காகக் குதிரையை நிறுத்த வேண்டியதாயிற்று.

“இன்னா பாய், காலங்காத்தால மேஜைக்கு ஊர்கோலமா? மேளத்த எங்க காணோம்?”

“போடா கஸ்மாலம். குதிரைய புடிச்சிக்கினு நில்லு, தண்ணி தெளிச்சிடப் போவுது” என்றார் பாய். குரலை மட்டும் உயர்த்தினார், கை அசையவில்லை.

குளக்கரை திரும்பும்போது தூறல் விழ ஆரம்பித்தது. பாய் குடையை இழுப்பறைக்குப் பிடித்துவிட்டு, தான் நனைந்துகொண்டு வந்தார். மாடிப்படி பதினாறு. ஒவ்வொரு படியிலும் நின்று, அவர் மேல்படிக்கு ஏறினால் நான் என் பக்கத்தை அதே அளவு தூக்கி, இழுப்பறை மட்டமாக இருக்கிறதா என்று பார்த்து, பிறகு அடுத்த படி.

அறையில் வாத்தியாரும், எங்களில் ஒருவரான வக்கீல் குமாஸ்தாவும் இருந்தார்கள். மூடியை எடுத்ததும் வாத்தியார் எட்டிப் பார்த்தார். பார்த்த பார்வை அப்படியே நின்றுவிட்டது.

“கண்ணாடியை நேரா மேல வெச்சேளா? இடைவெளி விடாமலா? யார் சொன்னா?”

“நான்தான் சார்.”

“உமக்குத் தெரியாதுன்னா என்னைக் கேக்கறதுக்கு என்ன? வாய் இருக்கோ இல்லையோ ஓய் உமக்கு?”

தலையைக் குனிந்துகொண்டேன்.

குமாஸ்தா சமாதானமாக, “போகட்டும் சார். நீங்க வரைஞ்சதுதானே? ரெண்டு தீட்டு தீட்டினா சரியாப் போயிடறது” என்றார்.

வாத்தியார் கட்டியைக் கையில் எடுத்தார். காகிதத்துக்கு மேலே கையை வைத்துக்கொண்டு வெகு நேரம் இருந்தார். பிறகு கட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“முடியாதுய்யா. ஒரு மணி நேரம் பார்த்த முகம். ஆறு மாசம் ஆயாச்சு. அந்தக் கண்ணு எப்படி இருந்ததுன்னு இப்ப எனக்கு ஞாபகம் இல்லை. இப்ப போட்டேன்னா நானா கற்பிச்சுண்டு போடறதுதான்.”

மணி பத்தரை இருக்கும். லஸ் பக்கம் டிராம் மணி அடித்தது. பன்னிரண்டு மணிக்கு அந்தப் பால்காரன் படத்தை வாங்க வருவான். நான் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டூடியோவில் நெகடிவ் எல்லாம் கண்ணாடித் தகடுதான். அதைக் கவிழ்த்துக் காகிதத்தின்மேல் வைத்துத்தான் தினமும் படம் அச்செடுக்கிறேன். கண்ணாடியில் இடம் வலமாக இருப்பது கவிழ்த்தால் நேராகிவிடும். அப்படியானால்...

சொல்லலாமா என்று யோசித்தேன். தப்புச் செய்தவன் யோசனை சொல்ல வந்துவிட்டான் என்று நினைப்பார்களோ என்று பயம் வந்தது. வெள்ளிக்கிழமையும் இதே பயம்தான் என் வாயை மூடியது என்பது அப்போதுதான் உறைத்தது.

“சார், ஒன்னும் வரைய வேணாம். கண்ணாடிய எடுத்த மாதிரியே கவுத்து வெச்சிட்டா, போன முகம் போன எடத்துக்கே வந்துடும். பாதி காகிதத்துல, பாதி கண்ணாடில. சேர்த்துப் பாத்தா முழுசு. அப்புறம் எப்பவும் தெறக்கவே கூடாது.”

வாத்தியார் நிமிர்ந்தார். “வெக்கலாம். ஒரு நூல் தள்ளி உக்காந்துடுத்துன்னா?”

“ரெண்டு மூக்கு வந்துடும்” என்றார் குமாஸ்தா. யாரும் சிரிக்கவில்லை.

“நகத்தக் கூடாது. வெச்சப்புறம் நகத்தினா இழுசிடும். ஒரே தடவைதான்” என்றேன்.

“என் கை நடுங்கறது. யார் வெக்கறது?” என்றார் வாத்தியார்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். ஊசிமுனைப் பென்சிலால் நெகடிவில் புள்ளி அடைக்கிற கை என்னுடையது. ஆனால் மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்க எனக்குச் சாதாரணமாகச் சாப்பிடக்கூட வராது.

படத்தை மேஜையில் வைத்தோம். ஒரு பக்க ஓரத்தில் பாய் ஒரு நீளக் கட்டையை அசையாமல் அழுத்திப் பிடித்தார். கண்ணாடியின் ஓரத்தை அந்தக் கட்டையில் முட்டவைத்து, கதவை மூடுகிற மாதிரி மெதுவாக இறக்கினேன். மேலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். மூக்குத்திக்கு வாத்தியார் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி அழுத்தி வைத்திருந்தார். அதில் கொஞ்சம் காகிதத்தில் இருந்தது, கொஞ்சம் கண்ணாடியில் இருந்தது. இரண்டும் ஒன்றாக வேண்டும். விரற்கடை இடைவெளியில் இரண்டு மூக்குத்திகள் தெரிந்தன. இன்னும் இறக்கினேன். இரண்டும் நெருங்கின.

அப்போது மரப்படி அதிர்ந்தது. யாரோ வேகமாக ஏறி வந்தார்கள். மேஜை லேசாக நடுங்கியது.

“யாரது? நில்லும் அங்கேயே! அசையப்படாது!” என்று வாத்தியார் கத்தினார்.

படி ஓசை நின்றது. நான் தலையைத் திருப்பவில்லை. ஆனால் யார் என்று தெரிந்துவிட்டது; பால் வாசனை வந்தது. அவன் சீக்கிரமாகவே வந்துவிட்டான். கடைசிப் படியில் நின்றபடி, என் கையில் பாதியும் மேஜையில் பாதியுமாகத் தன் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மேஜை அடங்கும் வரை கண்ணாடியை அந்தரத்தில் பிடித்திருந்தேன். தோள் வலித்தது. நெற்றி வேர்வை புருவம் வரை வந்துவிட்டது. சொட்டினால் கண்ணாடிமேல்தான் விழும். பாய் ஒரு கையால் கட்டையை விடாமல், இன்னொரு கையால் தன் தோள் துண்டை எடுத்து என் நெற்றியை ஒற்றினார். பிறகு இறக்கினேன். இரண்டு மூக்குத்திகளும் ஒன்றாயின. விரலை எடுத்தேன்.

அவள் முழுசாக இருந்தாள்.

ஆணி கிடையாது, சுத்தியல் கிடையாது. மைதா பசை காய்ச்சித் துணிப்பட்டையில் தடவி, மேஜை விளிம்புக்கு வெளியே ஒவ்வொரு பக்கமாக நீட்டி, கண்ணாடியையும் பின்பலகையையும் சேர்த்துச் சுற்றிலும் ஒட்டினோம். பாய் கொடுத்த பொன் பூச்சுச் சட்டம் உபயோகப்படாமல் கடையிலேயே நின்றுவிட்டது. படத்தைக் கொடுக்கும் வேலையை வாத்தியார் செய்வார் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். நான் அவன் பக்கம் போனேன்.

“நான்தாம்பா தப்பு பண்ணினேன். எனக்குத் தெரியாதத தெரியும்னு விட்டுட்டேன். பாதி முகம் கண்ணாடியோட வந்துடுச்சு. திரும்ப வெச்சிருக்கோம். இத்த தெறக்கவே கூடாது. கம்பத்துல ஆணிய அடிச்சிட்டு அப்புறமா மாட்டு, மாட்டினப்புறம் அதுல எதுவும் அடிக்காத. ஈரம் படாத எடமா வை.”

அவன் படத்தை இரண்டு கையிலும் படுக்கையாக வாங்கிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனான். நெடுநேரம் பார்த்தான்.

“சாமி, எடது கன்னத்துல ஒரு மச்சம் இருந்துச்சே. அது எங்க?”

வாத்தியாரைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். வரைந்தேனா, விட்டுவிட்டேனா, தெரியவில்லை என்று உதட்டைப் பிதுக்கினார். மச்சம் என்பது ஒரே ஒரு கரும்புள்ளி. உதிர்வதில் முதலில் உதிர்வது அதுவாகத்தான் இருக்கும். கடையில் கண்ணாடியின் அடியில் கோடாகக் கிடந்த அந்தப் பொடி நினைவுக்கு வந்தது. படத்தில் மச்சமே இல்லை என்று சொல்லிவிட்டால் யாரும் மறுக்க முடியாது.

“இருந்திருக்கலாம்பா. நான் உதிர்த்ததா கூட இருக்கலாம். எனக்கே தெரியல” என்றேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். அடிப்பானோ என்றுகூட நினைத்தேன். அவன் விரலைக் கண்ணாடிமேல் கொண்டுபோனான். தொடாமல், கன்னத்துக்கு நேரே ஒரு இடத்தைக் காட்டினான்.

“இங்க. போவட்டும். பொண்ணு பெருசானா, இங்க ஒரு மச்சம் இருந்துச்சுன்னு நான் வாயால சொல்லிக்கிறேன்.”

துண்டால் படத்தை மூடி, படுக்கையாகவே பிடித்துக்கொண்டு, பக்கவாட்டாக ஒவ்வொரு படியாக இறங்கிப் போனான். அடையாறு வரைக்கும் அப்படியேதான் நடந்திருப்பான்.

இப்போது எங்கள் ஞாயிற்றுக்கிழமை அறைக்குப் புதிதாக யார் வந்தாலும், கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே அட்டை வைக்க வேண்டும் என்பதை முதலில் சொல்கிறவன் நான்தான். அவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், தெரியாது என்பதையும் உடனே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒரு தாயின் கன்னத்திலிருந்து அந்த மச்சத்தை எடுத்தது என் மௌனமாக இருக்கலாம் என்ற எண்ணம் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.